சிட்டுக்குருவி காட்டிய வழி

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு குரல் தவறாமல் கேட்கும். பதினான்கு வயதுப் பையனோ பதினைந்து வயதுப் பெண்ணோ நண்பகல் வெயிலில் ஜன்னலோரம் வந்து நின்று, “பொழுதே போகவில்லை, அம்மா” என்பார்கள். ஊரில் இருந்தால் பாட்டி வீடும் ஆற்றங்கரையும் மாமன் மக்களும் அவர்கள் பொழுதைப் பார்த்துக்கொள்வார்கள். இங்கே குடியிருப்பின் நான்கு சுவர்களும், நாவில் முழுவதும் படியாத அயல்மொழியும், கையில் ஒரு பேசியுமே துணை. “சும்மா இராமல் பாடப் புத்தகத்தை எடுத்துப் படியேன்” என்று நாமும் சொல்லிவிட்டு அலுவலகத்திற்குப் புறப்பட்டுவிடுகிறோம்.

இந்தச் சலிப்பு இக்காலத்தின் நோய் அன்று. ஏறத்தாழ 1908ஆம் ஆண்டில், பம்பாய் நகரத்துக் கேத்வாடிப் பகுதியில் வாழ்ந்த ஒரு சிறுவனுக்கும் அது இருந்திருக்கும். அவன் பொழுது எவ்வாறு ஒரு வாழ்க்கையாக மாறியது என்பதையும், அம்மாற்றத்தில் பெரியவர்களுக்கு இருந்த பங்கு யாது என்பதையும் இங்கே சற்று ஆராய்வோம்.

சிறுவனின் கதைக்கு முன் அவன் சென்று சேர்ந்த இடத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1883 செப்டம்பர் 15ஆம் நாள், பம்பாய் நகரத்தார் எண்மர் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் கூடினர். அறுவர் ஐரோப்பியர், இருவர் இந்திய மருத்துவர்கள். பிரார்த்தனை சமாஜத்தை நிறுவியவர்களுள் ஒருவரான டாக்டர் ஆத்மாராம் பாண்டுரங் ஒருவர்; டாக்டர் சகாராம் அர்ஜுன் மற்றவர். தாம் கண்ட பூச்சிகளையும் பறவைகளையும் பாம்புகளையும் பற்றிய குறிப்புகளைப் பரிமாறிக்கொள்வதும், அரிய மாதிரிகளை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வதுமே அவர்கள் நோக்கம். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பிறந்தது இவ்வாறுதான்.

அவர்களுள் இ. எச். ஐட்கன் என்பவர் சுங்கம், உப்பு வரித் துறையில் பணியாற்றிய அரசாங்க ஊழியர். பகலெல்லாம் உப்பளக் கணக்கும் வரியும் பார்த்தவர், எஞ்சிய நேரத்தில் தம் வீட்டுக் கூரையில் வந்தமரும் காக்கையையும் தோட்டத்து ஓணானையும் உற்று நோக்கி, நகைச்சுவை ததும்ப எழுதினார். ‘ஈஹா’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய நூல்களை விரும்பிப் படித்தோர் பலர். பம்பாயின் சாதாரணப் பறவைகளைப் பற்றி 1900இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். கழகத்தின் முதற் செயலாளரும் அவரே. அவருக்குப் பின் செயலாளரான பிப்ஸன் ஒரு மது வணிகர். 1884 ஜனவரியில் தம் கடையிலேயே ஓர் அறையைக் கழகத்திற்கு ஒதுக்கித் தந்தவர் அவர். அவர் அலுவலகத்தில் ‘வில்லியம்’ என்ற பெயருடைய பெரிய இருவாய்ச்சிப் பறவை ஒன்று 1894 முதல் 1920 வரை வாழ்ந்தது. கழகத்தின் சின்னமாக இன்றும் விளங்குவது இருவாய்ச்சிதான். அவ்வணிக நிலையத்திலேயே பணியாற்றிய மில்லார்டு என்பவர் 1906இல் கௌரவச் செயலாளரானார். சுங்கத் துறையினர், மருத்துவர், வணிகர் என இவர்கள் எல்லாரும் தத்தம் வயிற்றுப்பாட்டுக்கு வேறு தொழில் செய்தவர்கள்; பொழுதுபோக்கின் பொருட்டே ஒன்று கூடியவர்கள் என்பதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

இனிச் சிறுவனைக் காண்போம். அவன் பெயர் சாலிம் அலி. 1896 நவம்பர் 12இல் பிறந்தவன். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தவன். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜியும் அவர் துணைவியாரும் அவனை வளர்த்து வந்தனர். வேட்டை அக்காலத்து வசதி படைத்த குடும்பங்களின் பொழுதுபோக்கு. மாமன் அதில் வல்லவர். மருமகனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. சிட்டுக்குருவிகளைச் சுடுவதே அவனுக்கு விளையாட்டாயிற்று.

ஒரு நாள் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். வழக்கமான சிட்டைப் போலவே இருந்தது. ஆயினும் தொண்டையில் மட்டும் மஞ்சள் பூசினாற்போல் ஒரு தடம். இதை உண்ணலாமா, கூடாதா என்ற ஐயம் எழுந்தது. மாமனிடம் எடுத்துச் சென்றான். மாமனுக்கும் அது இன்ன பறவை என்று தெரியவில்லை.

கதையின் திருப்பம் இவ்விடத்தில்தான் இருக்கிறது. மாமன், “இதெல்லாம் உனக்கு எதற்கு?” என்று குருவியைத் தூக்கி எறியச் சொல்லியிருக்கலாம், தெரிந்தவர்போல் ஏதேனும் ஒரு பெயரைச் சொல்லிச் சமாளித்தும் இருக்கலாம். அவர் அவ்விரண்டும் செய்யவில்லை. இயற்கை வரலாற்றுக் கழகத்தில் தாமும் உறுப்பினராக இருந்தமையால், மில்லார்டுக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதி, குருவியோடு மருமகனை அனுப்பிவைத்தார்.

ஆங்கிலேயர் ஒருவரை நேருக்கு நேர் கண்டு பேசியறியாத சிறுவன், நெஞ்சு படபடக்க அப்பாலோ தெருவிலிருந்த அலுவலகத்தின் படியேறினான். மில்லார்டு அன்போடு வரவேற்றார். குருவியைக் கண்ட மாத்திரத்தில், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னார். பின்னர், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளின் இழுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். இந்நாட்டில் இத்தனை வகைப் பறவைகள் உண்டா என்று சிறுவன் வியந்து நின்றான். படிப்பதற்குச் சில நூல்களை மில்லார்டு இரவலாகத் தந்தார். ஐட்கன் எழுதிய பம்பாய்ப் பறவை நூலும் அவற்றுள் ஒன்று. பறவையின் தோலை உரித்துப் பாடம் செய்யவும், கண்டது, கண்ட இடம், கண்ட நாள் ஆகியவற்றை முறையாகக் குறித்து வைக்கவும் கழகத்தில் பயிற்சி பெற ஏற்பாடு செய்தார். துப்பாக்கி விளையாட்டாகத் தொடங்கிய ஒன்று ஒரு கல்வியாக மாறத் தொடங்கியது.

இங்கே மில்லார்டு செய்தவை எத்தனை எளியவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கேள்வியோடு வந்த சிறுவனை வாயிலிலேயே திருப்பி அனுப்பாமல் உள்ளே அழைத்தார். ஒரு பெயரைச் சொன்னார். இழுப்பறையைத் திறந்தார். புத்தகம் இரவல் தந்தார். கைத்தொழில் ஒன்றைக் கற்கச் செய்தார். இவற்றிற்குப் பெருஞ்செல்வம் தேவையில்லை. சிறிது நேரமும், பிள்ளையின் கேள்வியைக் கேள்வியாக மதிக்கும் மனமுமே வேண்டும்.

இனி, பெற்றோர் பலரும் அஞ்சும் வினாவுக்கு வருவோம். இத்தகைய ஆர்வம் படிப்பைக் கெடுத்துவிடாதா? இதற்கு மழுப்பலாக விடையிறுப்பது முறையன்று. சாலிம் அலி பள்ளியில் சிறந்த மாணவர் அல்லர். கணக்கு அவரை வருத்தியது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் ஒருவாறு தேறினார். கல்லூரிப் படிப்பு தொடக்கத்திலேயே நின்றுபோயிற்று. குடும்பத்தாரின் வுல்ஃப்ரம் சுரங்கத் தொழிலைக் கவனிக்கப் பர்மாவிலுள்ள தவாய் என்னும் ஊருக்குச் சென்றார். அங்கும் அவரை ஈர்த்தவை காடுகளும் பறவைகளுமே. 1917இல் பம்பாய்க்குத் திரும்பி வணிகப் படிப்பும், அதனோடு விலங்கியலும் பயின்றார். எனினும் முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத குறையால், அவர் நாடிய அரசாங்கப் பறவையியல் பதவி கிட்டாமற் போயிற்று. 1926இல் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் பதவி கிடைத்தது. விடுப்பெடுத்துப் பெர்லின் சென்று, ஸ்ட்ரெஸ்மன் என்ற பேரறிஞரிடம் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, பணமுடையால் அப்பதவியே நீக்கப்பட்டிருந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு இணையான சான்று ஒன்று உண்டு. கும்பகோணத்தில் இராமானுஜன் வீட்டில் குடியிருந்த கல்லூரி மாணவர்கள், தாம் கற்ற கணிதத்தை அச்சிறுவனுக்குச் சொல்லித் தந்தனர். லோனி எழுதிய முக்கோண கணித நூலை இரவல் பெற்று அவர் கற்றுத் தேர்ந்தார். 1903இல், பதினாறு வயது நிரம்புமுன்பே, ஆயிரக்கணக்கான தேற்றங்களைத் தொகுத்துக் கூறும் கார் என்பவரின் நூல் அவர் கைக்கு வந்தது. கணிதம் அவரை முற்றிலும் ஆட்கொண்டது. மற்றப் பாடங்கள் கைவிடப்பட்டன. கல்லூரியில் பெற்ற உதவித்தொகையும் பறிபோயிற்று. பின்னர் உலகப் புகழ் வந்தது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளின் வறுமையும் உண்மையே. ஆகவே பெற்றோரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

அச்சத்திற்குக் காரணம் உண்டு என்றால், கதவை அடைத்துவிடலாமா? வேலை இழந்த சாலிம் அலி செய்ததை நோக்குவோம். பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பால், கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரில் இருந்த வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். 1930ஆம் ஆண்டு மழைக்காலத்தில், அவ்வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டத் தொடங்கின. மறைவிடம் ஒன்று அமைத்து, அதனுள் அமர்ந்து நாள்தோறும் அவற்றைக் கவனித்துக் குறிப்பெழுதினார். கூட்டைப் பின்னுவது ஆண் குருவி. பாதி கட்டி முடித்த கூட்டைப் பெண் குருவி வந்து சோதிக்கும். பிடித்தால் ஏற்றுக் குடிபுகும். கூட்டின் எஞ்சிய பகுதியை முடித்துத் தந்ததும், ஆண் குருவி அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெண்ணை எதிர்நோக்கும். இவ்வரிசையைத் தெளிவுற விளக்கிய அவர் கட்டுரை, பறவையியலில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. மில்லார்டின் அலுவலகத்தில் சிறுவயதில் கற்ற குறிப்பெழுதும் பழக்கம், வேலையற்ற மனிதரைச் சோர்வில் வீழாமல் தாங்கி நின்றது.

பின்னர் நடந்தவற்றை நாடு அறியும். 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய கைநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியாயிற்று. 1976இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 1985இல் வெளிவந்த தன்வரலாற்றுக்குச் ‘சிட்டுக்குருவியின் வீழ்ச்சி’ என்று பொருள்படும் பெயரையே அவர் இட்டார். 1987இல் தம் தொண்ணூறாம் வயதில் மறைந்தார்.

எனினும், நம் பிள்ளைகள் அனைவரும் சாலிம் அலியாகவோ இராமானுஜனாகவோ ஆகப்போவதில்லை. ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நேர்மையன்று. பொழுதுபோக்கின் பயனை அளக்க நமக்கு வேண்டிய அளவுகோல் ஐட்கன். அவர் வேலையை விடவில்லை, வறுமையில் உழலவில்லை. வரிக்கணக்கு எழுதிய கையாலேயே ஓணானைப் பற்றியும் எழுதினார். மாற்றலாகிச் சென்ற ஊர்களில் எல்லாம் அவருக்குப் புதிய அண்டை வீட்டார் கிடைத்தனர்; இறகுள்ளவர்களும், நாலு கால் உள்ளவர்களும், ஊர்ந்து செல்பவர்களும். அவர் எழுதி வைத்த நூல், முன்பின் அறியாத ஒரு சிறுவன் கையில் போய்ச் சேர்ந்தது. படிப்பையும் விடாமல், பார்க்கும் கண்ணையும் இழக்காமல் வாழ முடியும் என்பதற்கு அவரே சான்று. உத்தியோகத்தின் பொருட்டு ஊர் விட்டு ஊர் செல்லும் நமக்கு, இவரைக் காட்டிலும் நெருங்கிய உறவினர் வேறு யார்?

வெளி மாநிலத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்தகைய பொழுதுபோக்கில் தனியானதோர் ஊதியமும் உண்டு. குடியிருப்பின் வேப்பமரத்தைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் பறவைகளின் பெயர்களை எழுதத் தொடங்கட்டும். அடுத்த வீட்டுப் பிள்ளை ‘பயா’ என்பது நம் தூக்கணாங்குருவி. அவன் ‘நீல்கண்ட்’ என்பது நம் பனங்காடை. ‘ஹுத்ஹுத்’ என்பது கொண்டலாத்தி. ‘மஹோக்’ என்பது செம்போத்து. தமிழ்ப் பெயர் தெரியாவிடில் பாட்டிக்குத் தொலைபேசியில் கேட்கட்டும். அயல்மொழிப் பெயர் தெரியாவிடில் தோட்டக்காரரையோ காவற்காரரையோ கேட்கட்டும். ஒரே ஏட்டில் இரண்டு மொழிகளும் வளரும், நண்பர்களும் சேர்வார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம், சொற்களைக் கற்க இதனினும் இனிய வழியைக் கண்டதில்லை. காற்றுத் துப்பாக்கி இதற்கு வேண்டியதில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவ்விளையாட்டுக்கு இடம் தருவதும் இல்லை. கண்ணும் பென்சிலும் போதும்.

பறவைதான் என்பதில்லை. தையல், தச்சு, தபால்தலை, வானொலிப் பெட்டியைப் பழுதுபார்த்தல், கோலம், வீணை என எதுவாயினும் ஆகுக. பிள்ளை ஒன்று ஒரு கேள்வியைக் கையில் ஏந்திக்கொண்டு நம்மிடம் வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதே பொருள். அமீருத்தீன் தயாப்ஜிக்கு விடை தெரியாது; ஆயினும் விடை தெரிந்தவருக்கு ஒரு கடிதம் எழுதத் தெரிந்திருந்தது. நம் குடியிருப்புகளில் ஓய்வுபெற்ற பொறியாளர் உண்டு. மிருதங்கம் அறிந்த கணக்கர் உண்டு. மரவேலை தெரிந்த மருத்துவர் உண்டு. நம் சங்கங்களின் புத்தக அலமாரிகளும் உண்டு. அவற்றுள் சில ஆண்டு முழுவதும் பூட்டியே கிடக்கின்றன என்பதையும் நாம் அறிவோம்.

அடுத்த விடுமுறையில் “பொழுதே போகவில்லை” என்ற குரல் கேட்கும்போது, அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து வாங்கி, பிள்ளையை உடன் அழைத்துச் செல்வோமாக.