வெள்ளி டாலர் செட் சேர்க்கப் போறீங்களா? அச்சிட்ட எண்ணிக்கையை மட்டும் நம்பாதீங்க!

1903ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலை 44.5 லட்சம் வெள்ளி டாலர்களை அச்சிட்டது. இவ்வளவு இருந்தும், பல பத்தாண்டுகளுக்குச் சேகரிப்பாளர்களின் கையில் சிக்காத நாணயம் அது. 1962இல் புழக்கத்துக்கே போகாத ஒரு நாணயத்துக்கு 1,500 டாலர் என்று விலைக் கையேடு சொன்னது. அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்கக் கருவூலத்தின் பெட்டகத்திலிருந்து இந்த நாணயங்கள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன. விலை 30 டாலர் அளவுக்குச் சரிந்தது.

பழைய வெள்ளி டாலர்களைச் செட்டாகச் சேர்க்க நினைக்கும் எல்லோரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. எத்தனை அச்சிட்டார்கள் என்பது ஒரு கணக்கு. எத்தனை தப்பிப் பிழைத்தன என்பது வேறொரு கணக்கு. விலை இரண்டாவது கணக்கின் பின்னால்தான் போகும்.

மார்கன் டாலர் என்றால் என்ன?

வெள்ளி டாலர் சேகரிப்பில் அதிகம் பேசப்படுவது மார்கன் டாலர். வடிவமைத்தவர் ஜார்ஜ் டி. மார்கன். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921இலும் அச்சிடப்பட்டது. எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ., வெள்ளி 90%, செம்பு 10%. அதாவது ஒரு நாணயத்தில் சுமார் 24 கிராம் சுத்த வெள்ளி.

மக்கள் கேட்டதால் அச்சிட்ட நாணயம் அல்ல இது. நெவாடா போன்ற மாநிலங்களில் வெள்ளி கொட்டிக் கிடந்தது. மாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புக்கு அரசு வெள்ளி வாங்கி நாணயமாக்க வேண்டும் என்று 1878இல் சட்டமே வந்தது. அச்சிட்டதில் பெரும்பகுதி மூட்டைகளில் கட்டப்பட்டு பெட்டகங்களில் தூங்கியது.

அந்த டாலர்கள் எங்கே போயின?

கணிசமான ஒரு பகுதி இந்தியாவுக்காக உருக்கப்பட்டது!

முதல் உலகப் போர்க் காலத்தில், பிரிட்டிஷ் இந்திய அரசின் நோட்டை நீட்டினால் வெள்ளி ரூபாய் தர வேண்டும் என்பது விதி. போர் நெருக்கடியில் நோட்டின் மீது நம்பிக்கை குறைந்து, மக்கள் வெள்ளியைக் கேட்கத் தொடங்கினார்கள். 1918 தொடக்கத்தில் அரசின் ரூபாய் கையிருப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கியது. பிரிட்டன் அமெரிக்காவிடம் உதவி கேட்டது. 1918 ஏப்ரலில் அமெரிக்கா பிட்மன் சட்டத்தை நிறைவேற்றியது.

அந்தச் சட்டத்தின் கீழ் 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் சுமார் 25.9 கோடி டாலர்களின் வெள்ளி, ஒரு அவுன்ஸ் ஒரு டாலர் என்ற விலையில் இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. கணக்குப் போட்டால் சுமார் 6,200 டன். அன்றைய ரூபாயில் 10.7 கிராம் சுத்த வெள்ளி. ஒரு டாலரை உருக்கினால் இரண்டு ரூபாய்க்குச் சற்று அதிகமாகவே கிடைக்கும்.

எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலையின் டாலர்கள் உலைக்குள் போயின என்று யாரும் பட்டியல் எடுத்து வைக்கவில்லை. அதனால்தான் அச்சிட்ட எண்ணிக்கையை மட்டும் வைத்து அரிதா இல்லையா என்று சொல்ல முடிவதில்லை.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. கார்சன் சிட்டியில் 1884இல் அச்சிட்டது 11.36 லட்சம் மட்டுமே. ஆனால் அதில் சுமார் 85%, அதாவது 9.6 லட்சம் நாணயங்கள் கருவூலத்திலேயே இருந்தன. 1972 முதல் 1980 வரை அமெரிக்க அரசே அவற்றை மக்களுக்கு விற்றது. அதே ஊரில் 1889இல் அச்சிட்ட 3.5 லட்சத்தில், அந்த விற்பனைக்கு வந்தது ஒரே ஒரு நாணயம்! முதலாவது இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. இரண்டாவது பர்ஸைக் காலி செய்துவிடும்.

எந்த செட்டில் தொடங்கலாம்?

நாணயத்தின் பின்பக்கம், இலை வளையத்துக்குக் கீழே ஒரு சின்ன எழுத்து இருக்கும். 'ஓ' என்றால் நியூ ஆர்லியன்ஸ், 'எஸ்' சான் பிரான்சிஸ்கோ, 'சிசி' கார்சன் சிட்டி, 'டி' டென்வர். எழுத்தே இல்லை என்றால் பிலடெல்பியா. செட்டுகள் இதை வைத்துத்தான் பிரிகின்றன.

- நாணயச்சாலை செட்: ஐந்து ஊர்களிலிருந்தும் ஒவ்வொன்று. மொத்தம் 5 நாணயங்கள். புதியவர்களுக்கு ஏற்றது.
- ஆண்டு செட்: ஆண்டுக்கு ஒன்று, மொத்தம் 28. எந்த ஊர் என்பது உங்கள் விருப்பம். அதனால் விலை குறைந்ததைத் தேர்ந்தெடுக்கலாம்.
- கார்சன் சிட்டி செட்: 13 நாணயங்கள். 1889தான் இடிக்கும்.
- பீஸ் டாலர் செட்: மார்கனுக்கு அடுத்து வந்தது. 1921 முதல் 1935 வரை, மொத்தம் 24. அளவாக முடிக்கக்கூடிய செட்.
- முழு மார்கன் செட்: எல்லா ஆண்டும், எல்லா ஊரும். கிட்டத்தட்ட 100 நாணயங்கள். இதில் 1893-எஸ் ஒரு லட்சம்தான் அச்சானது. 1895 பிலடெல்பியாவில் சாதாரண நாணயங்கள் 12,000 என்று ஆவணம் சொல்கிறது, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சேகரிப்பாளர்களுக்காகத் தனியாக அச்சிட்ட 880 மட்டுமே கணக்கில் உள்ளன.

விலை எப்படி முடிவாகிறது?

முதல் படி, வெள்ளியின் மதிப்பு. இன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை 24ஆல் பெருக்குங்கள். அதுதான் அடிப்படை. 4.4 கோடிக்கும் மேல் அச்சான 1921 பிலடெல்பியா டாலர், தேய்ந்த நிலையில் இருந்தால், இந்த மதிப்பை ஒட்டியே விற்கும்.

அடுத்தது கிரேடு. 1 முதல் 70 வரையிலான அளவுகோல் இது. 60க்கு மேல் என்றால் புழக்கத்தின் தேய்மானம் இல்லாதது. சில நாணயங்களில் ஒரே ஒரு புள்ளி ஏறினாலும் விலை பல மடங்கு தாவும். பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் கிரேடு போட்டு, முத்திரையிட்ட பிளாஸ்டிக் பெட்டியில் தருகின்றன.

ஒரு விஷயம்: நாணயம் கறுத்திருக்கிறதே என்று பூஜை வெள்ளியைப் போலத் துலக்கிவிடாதீங்க. துலக்கிய நாணயத்தின் மதிப்பு சட்டென்று விழும்.

போலியில் சிக்காமல் இருக்க...

டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். காந்தம் ஒட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள். ஆனால் இது மட்டும் போதாது. அசல் 1893 டாலரில் 'எஸ்' எழுத்தை ஒட்டி விற்கும் மோசடியில் எடையும் சரியாக இருக்கும், வெள்ளியும் சரியாக இருக்கும். விலை உயர்ந்த நாணயங்களைக் கிரேடு போட்ட பெட்டியில் மட்டும் வாங்குங்கள். பெட்டியில் உள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, படமும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெட்டியையே போலியாகச் செய்பவர்களும் உண்டு.

இந்தியாவில் இருந்து வாங்கலாமா?

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன் வெள்ளி நாணய இறக்குமதிக்கான அன்றைய விதியையும் சுங்க வரியையும் பாருங்கள். இவை அடிக்கடி மாறும். கூரியர் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். 100 ஆண்டுகளைக் கடந்த நாணயங்களை இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பின்னாளில் வெளிநாட்டு ஏலத்தில் விற்றுக்கொள்ளலாம் என்ற நினைப்பில் வாங்கினால், இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

முதலீடு மட்டும்தான் நோக்கம் என்றால் 1903-ஓ கதையை மறுபடி படியுங்கள். ஒரு பெட்டகம் திறந்ததற்கே விலை ஐம்பதில் ஒரு பங்கானது. வரலாறு பிடித்திருந்தால், தேய்ந்த 1921 டாலர் ஒன்றை வாங்கித் தொடங்குங்கள். இந்தியாவுக்காக உருக்கிய வெள்ளியை ஈடுகட்ட, பிட்மன் சட்டப்படியே அச்சிட்ட நாணயம் அது.