மருந்துத் துண்டு: கிர்கிஸ்தானின் ஆஸ்பத்திரிக் கணக்கு

முப்பது வருசத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டருக்குள் நின்றவன் நான். கையிருப்பில் மருந்து இல்லாத நாளில் நோயாளியிடம் கொடுக்கும் சிறு கடதாசியைத் 'துண்டு' என்போம். "இத வெளியில எடுத்துக்கங்க" என்று அதை நீட்டும்போது எதிரே நிற்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். வைத்தியம் படிக்க பிஷ்கெக் போன எங்கட ராத்தாவின் மகன் முதல் விடுமுறைக்கு ஊர் வந்தபோது சொன்ன சங்கதியும் அதுதான். "மாமா, அங்கயும் துண்டுதான். ஆனா அவங்க அத ஒழிக்க ஒரு வேல செஞ்சு பாத்திருக்காங்க." என்ன வேலை என்று கேட்டேன். அவனுக்கு முழுதாகச் சொல்லத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற மனிசனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? தேடி வாசித்தேன்.

மத்திய ஆசியா என்றதும் நமக்கு இமாம் புகாரியும் இப்னு சீனாவும் நினைவுக்கு வருவார்கள். புகாராவுக்கு அருகில் 980இல் பிறந்த இப்னு சீனாவின் பெயரைச் சொல்லாத யூனானி வைத்தியர் இல்லை. அத்தோடு நம் அறிவு நின்றுவிடுகிறது. பின்வந்த ஆயிரம் வருசத்தில் அந்த மண்ணின் ஏழைகள் காய்ச்சலுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எங்கே போனார்கள், யார் காசு கொடுத்தது என்று நாம் கேட்பதில்லை. கிர்கிஸ்தானோ புகாராவைப் போல நகர நாகரிகம் கொண்ட இடமும் அல்ல. பெரும்பகுதி மலை. ஆட்டு மந்தையும் குதிரையுமாகக் கூடாரத்தில் வாழ்ந்த மக்கள்.

நவீன வைத்தியம் அங்கே பரவலாகப் போய்ச் சேர்ந்தது சோவியத் ஆட்சியில்தான். பள்ளிவாசல்களையும் மத்ரசாக்களையும் மூடிய ஆட்சி என்பதை நாம் மறக்க முடியாது. ஆனால் அதே ஆட்சிதான் மலைக் கிராமத்துக்கும் வைத்தியத்தைக் கொண்டு போனது என்பதையும் மறைக்கக்கூடாது. 1918இல் சோவியத்தின் முதல் சுகாதார ஆணையாளரான நிக்கலாய் செமாஷ்கோவின் பெயரால் அழைக்கப்படும் அந்த முறையில் வைத்தியம் இலவசம்; வைத்தியர் அரசாங்க ஊழியர். சிறு கிராமங்களில் ஒரு பெல்ஷரும் ஒரு மருத்துவமாதும் இருப்பார்கள். பெல்ஷர் என்றால் முழு வைத்தியர் அல்ல. நம் நாட்டு அப்போதிக்கரி மாதிரி. 1939இல் தலைநகரில் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பிஷ்கெக்குக்கு அப்போது பெயர் புருன்சே. இன்று அந்தக் கல்லூரி கிர்கிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் இசா அகுன்பாயெவின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

குறை எங்கே என்றால், காசு பங்கிட்ட விதத்தில். எத்தனை கட்டில், எத்தனை ஊழியர் என்று எண்ணித்தான் ஆஸ்பத்திரிக்குப் பணம் போனது. கட்டில் கூடினால் பணம் கூடும். அப்படியானால் எந்த நிர்வாகி கட்டிலைக் குறைப்பான்? மாவட்டத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, மாகாணத்துக்கு ஒன்று, குடியரசுக்கு ஒன்று என ஒரே ஊரில் ஒரே வேலைக்கு இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகள் நின்றன. சோவியத் காலம் முடியும்போது ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 12 கட்டில்கள். 1978இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் ஆரம்ப சுகாதாரமே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்ற புகழ்பெற்ற பிரகடனத்தைச் செய்த அல்மா-அட்டா நகரம், புருன்சேயிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். விருந்தழைத்த நாட்டின் காசோ பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே போய்க்கொண்டிருந்தது.

1991இல் சுதந்திரம் வந்தது, மொஸ்கோவின் மானியம் நின்றது. சில வருசத்துக்குள் பொருளாதாரம் ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. கட்டடங்கள் மட்டும் சுருங்கவில்லை. அங்கத்தைய குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியைச் சூடாக வைத்திருக்காவிட்டால் நோயாளி நோயால் அல்ல, குளிரால் மௌத்தாவார். கிடைத்த பணம் சூடேற்றலுக்கும் மின்சாரத்துக்கும் சம்பளத்துக்கும் போனது. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் மிச்சமில்லை. ஊசி, பஞ்சு, மருந்து, படுக்கை விரிப்பு, சாப்பாடு எல்லாம் நோயாளி வீட்டிலிருந்து வந்தன. வைத்தியரின் கைக்குள் வைக்கும் காசு வேறு. சட்டத்தில் இலவசம் என்று இருந்தது. நோயாளியின் கையில் துண்டு இருந்தது. ஆட்டை விற்று, மாட்டை விற்று வைத்தியம் பார்த்தார்கள்.

இனித்தான் மருமகன் சொன்ன 'வேலை' வருகிறது. தங்கள் காவிய வீரன் மனாஸின் பெயரில் 1996இல் ஒரு தேசிய சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1997இல் கட்டாய மருத்துவக் காப்புறுதி நிதியம் வேலை செய்யத் தொடங்கியது. தொழில் கொடுப்போர் சம்பளப் பட்டியலில் 2 வீதம் அளவில் அதற்குச் செலுத்தினார்கள். தொகை சிறிது, ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கட்டிலை எண்ணாமல், சிகிச்சை பெற்று வீடு போன நோயாளியை எண்ணிக் காசு கொடுக்கும் பழக்கத்தை அந்தச் சிறு தொகைதான் ஆரம்பித்து வைத்தது. 2001இல் சூய், இசிக்-குல் ஆகிய இரு மாகாணங்களில் அடுத்த அடியை வைத்தார்கள். மாவட்டம், நகரம், மாகாணம் என்று சிதறிக் கிடந்த சுகாதாரப் பணத்தை மாகாண மட்டத்தில் ஒரே பைக்குள் போட்டு, அந்த நிதியத்தின் கையில் கொடுத்தார்கள். 2004இல் பிஷ்கெக்கும் சேர்ந்ததோடு நாடு முழுவதும் இந்த முறைக்குள் வந்தது. 2006இல் பை முழு நாட்டுக்கும் ஒன்றானது.

பை ஒன்றானதும் நடந்ததுதான் எனக்குப் பெரும் ஆச்சரியம். வெறும் கட்டிலுக்கு இனிக் காசில்லை என்று தெரிந்தவுடன், ஆஸ்பத்திரிகள் தாமாகவே கட்டடங்களை மூடத் தொடங்கின. சூடேற்றலில் மிச்சமான பணத்தில் மருந்து வாங்கலாம் என்பது நிர்வாகிகளுக்கு விளங்கியது. கட்டில் எண்ணிக்கை காலப்போக்கில் பாதிக்கும் கீழே போனது.

கூடவே இன்னொன்றும் செய்தார்கள். அதில்தான் சர்ச்சை. ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்படுபவர் நிர்ணயித்த ஒரு தொகையை வாசலிலேயே கட்டி ரசீது பெறவேண்டும். அதற்கு மேல் எதுவும் கேட்கக்கூடாது. போர் வீரர்கள், வயதில் மூத்த ஓய்வூதியர்கள் போன்றோருக்கு விலக்கு. பிற்பாடு, 2006இல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பிரசவத்துக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. இலவசம் என்று எழுதி வைத்துவிட்டுக் காசு வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கவுண்டருக்குள் நின்ற மனிசனாக யோசித்தபோது மனம் மாறியது. எவ்வளவு என்று தெரிந்து கட்டும் காசுக்கும், எவ்வளவு என்று தெரியாமல் மூன்று நாளைக்கு ஒருமுறை வரும் துண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏழைக்குத்தான் தெரியும். ஆய்வுகள் காட்டியதும் அதைத்தான்: நோயாளிகள் தாங்களே மருந்தும் ஊசியும் வாங்கிவரும் செலவு குறைந்தது. வைத்தியரின் கைக்குள் போகும் காசு அவ்வளவாகக் குறையவில்லை. சம்பளம் அந்த இலட்சணத்தில் இருந்தால் எப்படிக் குறையும்? பலர் ரஷ்யாவுக்கும் கசகஸ்தானுக்கும் போய்விட்டார்கள்.

எனக்குப் பிடித்த பகுதி ஆஸ்பத்திரிக்கு வெளியில் நடந்தது. 2002இல் நாரின் மாகாணத்தின் ஜும்கால் மாவட்டத்தில் சுவிஸ் உதவியோடு கிராமச் சுகாதாரக் குழுக்கள் உருவாயின; பின்னர் நாடெங்கும் பரவின. கடல் எட்டாத மலைநாட்டில் அயடீன் குறைவால் கழுத்துக் கழலை பரவலாக இருந்தது. கிராமத்துப் பெண்கள் சோதனைத் திரவச் சீசாவோடு வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய் உப்பில் சொட்டு விட்டுப் பார்த்தார்கள். நீலம் பட்டால் அயடீன் உண்டு. படாவிட்டால் கடைக்காரர் பதில் சொல்லவேண்டும். இதற்கு ஆன செலவு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் குளிர்காலச் செலவுக்கு முன்னால் தூசு.

1985இல் 'குறைந்த செலவில் நல்ல சுகாதாரம்' என்ற பெயரில் ரொக்பெல்லர் மன்றம் வெளியிட்ட அறிக்கை, சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம் ஆகியவற்றோடு நம் இலங்கையையும் முன்மாதிரியாகக் காட்டியது. அதே தலைப்பில் 2011இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட தொடர்ச்சி நூலில் பங்களாதேஷ், எத்தியோப்பியா, தமிழ்நாடு, தாய்லாந்து ஆகியவற்றோடு கிர்கிஸ்தானும் இடம்பிடித்தது. 2005இலும் 2010இலும் மக்கள் கிளர்ச்சியில் ஜனாதிபதிகள் ஓடிய நாடு அது. ஆட்சிகள் கவிழ்ந்தும் அந்தப் பை கிழியவில்லை.

பை கிழியாவிட்டாலும் ஓட்டை இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வெளியே பார்மசியில் வாங்கும் மருந்து. நிதியம் சில மருந்துகளுக்கு ஒரு பகுதி விலையைக் கொடுத்தது. ஆனால் பட்டியல் குறுகியது, மருந்தில் பெரும்பாலானது இறக்குமதி, பார்மசி விலைக்குக் கட்டுப்பாடு இருக்கவில்லை. நாட்டு நாணயமான சோமின் பெறுமதி விழும்போதெல்லாம் மாத்திரை விலை ஏறியது. சில காலம் குறைந்துவந்த மக்களின் சொந்தக் கைச்செலவு திரும்ப ஏறி, மொத்தச் சுகாதாரச் செலவில் பாதி அளவுக்கு வந்தது. அதில் பெரும்பங்கு மருந்து. உள்ளே ஒழித்த துண்டு வெளியே முளைத்துவிட்டது. நம் நாட்டிலும் இந்தக் கைச்செலவு அரைவாசிக்குச் சற்றுக் குறைவுதான்.

2020 ஜூலையை கிர்கிஸ் மக்கள் 'கறுப்பு ஜூலை' என்கிறார்கள். நம் காதில் அந்தச் சொல் வேறொன்றாக விழும். கொரோனா அலையில் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிய, இளைஞர்கள் தாமாகவே சேர்ந்து ஒட்சிசன் இயந்திரமும் மருந்தும் திரட்டி வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். வெளிநாட்டில் உழைக்கும் கிர்கிஸ் மக்கள் காசு அனுப்பினார்கள். விடுதிக்குள் அடைபட்டிருந்த எங்கட மருமகன் அந்த நாளில் கோல் எடுத்துச் சொன்னது: "மாமா, பார்மசிக்கு முன்னால விடியக்காலயில இருந்து சனம். எல்லார்ட கையிலயும் துண்டு."