'நல்லாருக்கு' என்று சொன்னால் போதுமா?

சென்ற மாதம் திருச்சுழியில் உள்ள என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பேரன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறான். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்ததும், செல்போனில் தான் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தான். பூமிநாதர் கோயில் கோபுரம், குண்டாற்று மணல், கண்மாய்க் கரையில் ஆடுகள், தலையில் சோளத்தட்டைக் கட்டோடு வரும் ஒரு பெண். நானும் 'நல்லாருக்கு, நல்லாருக்கு' என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பத்தாவது படத்தில் அவன் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"தாத்தா, எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்றாக. என்ன நல்லாருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாக."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீடு திரும்பும் பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

அப்பா புதுச்சேரியில் மில் வேலையில் இருந்ததால் நான் பிரெஞ்சு வழியில் படித்த கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்தப் படிப்பில் எல்லாவற்றுக்கும் 20க்குத்தான் மதிப்பெண். மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஆசிரியர் ஒரு வரி எழுதுவார். என் அறிக்கையில் அடிக்கடி வரும் வரி 'பே மியோ ஃபேர்'. இன்னும் நன்றாகச் செய்யலாம் என்று அர்த்தம். எதை, எப்படி என்று அதில் இருக்காது. அப்பா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப நல்லா செய்ய வேண்டியதுதானே" என்பார். எதை மாற்றுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

'நல்லாருக்கு' என்பதும் 'இன்னும் நன்றாகச் செய்யலாம்' என்பதும் ஒரே ரகம்தான். இரண்டையும் படத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடலாம்.

நம் பக்கத்துக் கோயில்களை முதன்முதலில் முறையாகப் படம் எடுத்தவர்களில் ஒருவரான லின்னேயஸ் டிரைப்பின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1822இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. 1851இல் விடுப்பில் ஊருக்குப் போனவர் அங்கே கேமராப் பழக்கத்தைக் கற்றுக்கொண்டார். தொழில் சிப்பாய் வேலை, படம் எடுப்பது ஆசைக்கு. இன்றைய பேச்சில் சொன்னால் அமெச்சூர். 1854இல் பெங்களூருக்குத் திரும்பியதும் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் போய்ப் படம் எடுத்தார்.

1855இல் மதராஸில் தென்னிந்தியாவின் விளைபொருள்கள், கலைகள், உற்பத்திப் பொருள்களுக்கான பெரிய கண்காட்சி நடந்தது. அதில் டிரைப் 68 படங்களை வைத்தார். நடுவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு 'நன்று' என்று மட்டும் எழுதவில்லை. தாளில் எடுக்கப்பட்ட காட்சிப் படங்களில் இதுவே சிறந்த வரிசை என்றார்கள். கவனித்துப் பாருங்கள். காட்சிகள் என்றார்கள், தாள் முறை என்றார்கள், ஒரு படம் அல்ல, வரிசை என்றார்கள். தன்னிடம் எது தேறியது என்று அந்த ஒரு வரியிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த ஆண்டே அவர் மதராஸ் மாகாண அரசின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரர் ஆனார். 1857 கடைசியில் புறப்பட்டு ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மதுரையில் அவர் எடுத்த படங்களில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது, தெப்பக்குளம் இருக்கிறது. நாம் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் கடந்து போகும் விளக்குத்தூணும் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். செல்போனில் இன்று பிள்ளைகள் இழுத்து எடுக்கும் நீளப்படத்தை, அவர் மெழுகு தடவிய தாளை வைத்துக்கொண்டு அந்தக் காலத்திலேயே செய்துவிட்டார். அந்தத் தாளில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும் என்பதால், நெகடிவ்வின் மேல் மேகத்தைக் கையால் தீட்டிச் சேர்த்த படங்களும் உண்டு.

அப்போது மதராஸில் புகைப்படச் சங்கமும் தோன்றிவிட்டது. 1850இல் ஓவியப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்டர் அதற்கு முக்கியக் காரணம். இத்தகைய சங்கங்களுக்குப் போகிறவர்கள் தங்கள் படத்தைக் கொண்டுபோய் நாலு பேர் முன்னால் வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவார்கள். இன்றும் சென்னையில் அந்தச் சங்கத்தின் பெயர் நிலைத்திருக்கிறது.

ஆனால் டிரைப்பின் கதை அங்கே நிற்கவில்லை. 1859இல் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் கணக்குகளைப் பார்த்தார். அரசின் நிதிநிலைக்குப் பொருந்தாத ஆடம்பரம் இந்தப் புகைப்பட வேலை என்று முடிவு கட்டினார். 1860க்குள் எல்லாம் மூடப்பட்டது. டிரைப்புக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு 1902 வரை உயிரோடு இருந்தார், படம் எடுத்தது மிகக் கொஞ்சம்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் கோப்புகளில் குறிப்பு எழுதியவன் நான். ஒரு குறிப்பு ஒரு மனிதனின் வேலையைத் தொடங்கிவைக்கும், இன்னொன்று முடித்துவைக்கும் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். டிரெவெல்யன் அந்தப் படங்களை மோசம் என்று சொல்லவில்லை. அவர் பார்த்தது செலவை மட்டுமே.

இதே போன்ற ஒரு சொல் எனக்கும் கிடைத்தது. 1974 என்று நினைவு. அருப்புக்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கூட வேலை பார்த்தவரிடம் ஆக்ஃபா கிளிக் த்ரீ கேமரா இரவல் வாங்கினேன். ஒரு ஃபிலிமுக்கு 12 படம். அப்போது நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்குக் கம்பு நட்டு, நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிரஷ்ஷால் இழுத்துவிட்டுக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அந்தக் காட்சியையே 12 படமும் எடுத்தேன்.

கழுவி வாங்கப் போனேன். கடைக்காரர் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தெருவையும் நூலையும் எடுத்து ஃபிலிமைப் பாழாக்கிட்டீங்களே சார், எல்லாம் மங்கல்" என்றார். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து நெகடிவ்வைக் குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் கேமராவைத் தொடவில்லை.

படங்கள் மங்கல்தான், அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கேமராவின் வேகம் குறைவு, விடிகாலை வெளிச்சம் போதாது, ஆட்களின் கையோ ஓடிக்கொண்டே இருந்தது. "கேமராவைத் திண்ணையில் ஊன்றி எடுங்க சார், அவங்க வேலை முடிக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கும், அப்ப எடுங்க" என்று அவர் சொல்லியிருந்தால் மறுநாளே போயிருப்பேன். இப்போது அந்தத் தெருவில் விசைத்தறிச் சத்தம்தான் கேட்கிறது. பாவு நீட்டுகிறவர்கள் இல்லை. என்னிடம் மங்கலாகக்கூட ஒரு படம் இல்லை.

இதையெல்லாம் யோசித்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடியும் திருச்சுழிக்குப் போனேன். அந்த ஊரில் 1879இல் பிறந்த ரமண மகரிஷி 1950 ஏப்ரல் 14 இரவு திருவண்ணாமலையில் காலமானபோது, அங்கே ஒரு பிரெஞ்சுப் புகைப்படக்காரர் இருந்தார். ஆன்ரி கார்த்தியே பிரெசோன். அதே மாதம் புதுச்சேரிக்கும் போய் அரவிந்தரைப் படம் எடுத்தவர். அவர் படங்களைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கும் வழக்கம் உள்ளவர் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். தலைகீழாகப் பார்த்தால், இது ஆடு, இது நம்ம ஊர்க் கோபுரம் என்ற பாசம் போய்விடும். வெளிச்சம் எங்கே, கனம் எங்கே, கோடு எங்கே போகிறது என்பது மட்டும் கண்ணில் படும்.

பேரனிடம் அதைச் சொல்லி, சோளத்தட்டைக் கட்டோடு வரும் பெண்ணின் படத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். செல்போன் படத்தை மறுபடி நிமிர்த்திவிட்டது! இருவரும் சிரித்துவிட்டோம். அவன் எதையோ அழுத்தி அதை நிறுத்தினான்.

"இந்தப் படத்துல நீ எதைக் காட்ட நினைச்சே?" என்று முதலில் கேட்டேன்.

"அந்த அம்மா கழுத்து தாத்தா. அவ்வளவு பாரத்துலயும் அசையாம வந்தாக."

"அது விழுந்திருக்கு. கழுத்து நரம்பு வரைக்கும் தெரியுது. ஆனா தலைகீழாப் பாத்தா முதல்ல எது தெரியுது?"

உற்றுப் பார்த்தான். "கரண்டு கம்பம். அவுக தலைக்கு மேல முளைச்ச மாதிரி நிக்குது."

"நீ ரெண்டடி தள்ளி நின்னிருந்தா?"

அவன் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தெருவில் இரண்டடி இப்படியும் அப்படியும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. முதலில் எடுத்தவன் எதைக் காட்ட நினைத்தான் என்று கேட்க வேண்டும். அது எங்கே வந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட வேண்டும். பிறகு ஒரே ஒரு குறையைச் சொல்லலாம், அதுவும் அவனால் நாளைக்கே சரிசெய்ய முடிந்ததாக இருக்க வேண்டும். கருவியின் குறையையும் வெளிச்சத்தின் குறையையும் ஆளின் தலையில் கட்டக் கூடாது. நாலு பேர் முன்னால் சிரிக்கக் கூடாது.

புறப்படும்போது அவன், "தாத்தா, நீங்க அந்தப் பாவு படம் எடுத்தீகளே, அது எந்தத் தெரு?" என்று கேட்டான். சொன்னேன். நேற்று அங்கே போய் ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். பாவு நீட்ட நட்டிருந்த கல் ஒன்று வாசல் ஓரத்தில் இன்னும் நிற்கிறதாம், அதில் ஒரு சைக்கிள் சாய்த்துவைக்கப்பட்டிருக்கிறது. பதில் இன்னும் எழுதவில்லை. சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.