ரவாங் தோட்டத் தமிழரும் குடியுரிமைத் தகுதியும்

ரவாங்கிற்கு இருப்புப்பாதை வந்தது 1892இல். ஈயத்திற்குப் பின் இரப்பர் தழைத்த அவ்வட்டாரத்தில் பால்வெட்டிய தமிழர், மலாயாவின் குடிமக்களாக என்னென்ன தகுதிகள் வேண்டப்பட்டன என்பதை ஈண்டுக் காண முற்படுகிறோம்.

மலாயன் யூனியன் 1946இல் தாராளமான குடியுரிமையை முன்வைத்தது. மலாய் மக்களின் எதிர்ப்பால் அது நிலைக்கவில்லை. அதனிடத்தில் 1.2.1948இல் நடப்புக்கு வந்த கூட்டரசு ஒப்பந்தம் வாயிலைக் குறுக்கியது. விண்ணப்பிப்போர் இங்கே பிறந்தவராயின் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளும், வெளியே பிறந்தவராயின் 20இல் 15 ஆண்டுகளும் வாழ்ந்திருத்தல் வேண்டும். நன்னடத்தையும் நிலையாகக் குடியிருக்கும் எண்ணமும் வேண்டும். இவற்றோடு மலாய் அல்லது ஆங்கிலத்தில் போதிய அறிவும் கேட்கப்பட்டது.

ஆண்டுக்கணக்கு பலர்க்குத் தடையாக இருந்திராது. தோட்டம் தோட்டமாக மாறியவர்க்கு அதனை மெய்ப்பிப்பதே கடினமாக இருந்திருக்கும். கிராணியின் பெயர்ப்பதிவேடு எத்தனை தோட்டங்களில் போருக்குப் பின்னும் எஞ்சியிருக்கும்?

மொழித் தகுதியே நம் சிந்தனைக்குரியது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட முதலாளி பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அமைந்தவை தமிழ்ப்பள்ளிகள். அங்கே பயின்ற பிள்ளை வளர்ந்து விண்ணப்பித்தபோது, அப்பள்ளியின் பயிற்றுமொழி கணக்கில் கொள்ளப்படவில்லை. தமிழாசிரியர்களாகிய நாம் இதனை எளிதில் கடந்துசெல்ல இயலாது.

1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்நிலையைத் தளர்த்தியது. வசிப்புக்காலம், இங்கே பிறந்தவர்க்கு 7இல் 5 ஆண்டுகளாகவும் பிறர்க்கு 12இல் 8 ஆண்டுகளாகவும் குறைந்தது. மலாயில் தொடக்க அறிவே போதும் என்றாயிற்று. விடுதலை நாள் தொடங்கி ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மண்ணில் பிறந்தவர்க்கு அத்தேர்வும் இல்லை. கப்பலேறி வந்தவர்க்கோ அவ்விலக்கு 45 வயது நிரம்பியிருந்தால் மட்டுமே. சேலத்தில் பிறந்து இளமையில் ரவாங் வந்த நாற்பது வயதுத் தொழிலாளி மலாய்த் தேர்வுக்கு நிற்க, மலாயொலி கேட்டே வளர்ந்த அவர் மகனுக்கு விலக்குக் கிடைத்தது. சட்டத்தின் தருக்கம் பிறப்பிடத்தைச் சார்ந்தது. மொழித்தேவை அதற்கு நேர்மாறாக இருந்தது.

காலத்தைத் தவறவிட்டவர்கள் நிரந்தரவாசிகளாகச் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர். 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோரின் பிழைப்பை வேலை உரிமத்தோடு பிணைத்தது. 1969க்குப் பின் ஆயிரக்கணக்கானோர் இந்தியா திரும்பினர். தங்கியோர்க்கு ஒரு வழி எஞ்சியிருந்தது: 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பெற்றோருள் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தாலும் இங்கே பிறக்கும் பிள்ளை குடிமகனாகும். 2024இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் அவ்வழியை நீக்குவது.