ஐதரசன் மின்முனையும் வளிம அழுத்தமும்

மின்வேதியியலில் எல்லா மின்முனைகளின் மின்னழுத்தங்களும் ஐதரசன் மின்முனையோடு ஒப்பிட்டே குறிக்கப்படுகின்றன. அதன் மின்னழுத்தம் சுழி எனக் கொள்ளப்படுகிறது. இம்மின்முனை ஒரு வளிமத்தால் இயங்குவதால், அவ்வளிமத்தின் அழுத்தம் மாறினால் மின்னழுத்தமும் மாறும். ஆகவே எந்த அழுத்தத்தில் சுழி என்று வரையறுப்பது என்ற கேள்வி நூறாண்டுகளுக்கும் மேலாக இத்துறையில் தொடர்ந்து வந்துள்ளது.

தொடக்கம்

1839-இல் வில்லியம் குரோவ், பிளாட்டினத் தகடுகளின் மேல் ஐதரசனும் ஆக்சிசனும் சேரும்போது மின்னோட்டம் உண்டாவதைக் கண்டார். வளிமமும் மின்முனையாகச் செயல்படும் என்பது இதனால் புலப்பட்டது. 1889-இல் வால்தர் நெர்ன்ஸ்ட், செறிவுக்கும் மின்னழுத்தத்திற்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக வகுத்தார். அப்போது அவருக்கு வயது 25. கரைசலில் அயனிச் செறிவு வகிக்கும் இடத்தை, வளிம மின்முனையில் வளிமத்தின் அழுத்தம் வகிக்கிறது. பின்னர் ஐதரசன் மின்முனையைச் சுழியாகக் கொள்ளும் முறை பரவியது. 1909-இல் சோரன்சன் பி.எச். அளவுகோலை உருவாக்கியபோதும் ஐதரசன் மின்முனையையே பயன்படுத்தினார்.

அழுத்தம் செயல்படும் விதம்

ஐதரசன் மின்முனையில் ஐதரசன் அயனிகள் எலக்ட்ரான்களைப் பெற்று வளிமமாகின்றன; வளிமம் எலக்ட்ரான்களை இழந்து அயனியாகவும் மாறுகிறது. வளிமத்தின் அழுத்தம் கூடினால் அயனியாக மாறும் போக்கு வலுக்கிறது. அதனால் மின்னழுத்தம் குறைகிறது. குளோரின், ஆக்சிசன் மின்முனைகளில் வளிமமே எலக்ட்ரான்களை ஏற்பதால் விளைவு நேர்மாறானது. அழுத்தம் கூடினால் மின்னழுத்தம் உயர்கிறது.

இம்மாற்றம் அழுத்தத்தின் மடக்கையைச் சார்ந்தது. 25 பாகை செல்சியசில் அழுத்தம் பத்து மடங்கானால் ஐதரசன் மின்முனையின் மின்னழுத்தம் 29.6 மில்லிவோல்ட்டு குறையும். ஒரு மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான்கள் ஈடுபடும் ஆக்சிசன் மின்முனையில் மாற்றம் 14.8 மில்லிவோல்ட்டு மட்டுமே. மிக உயர்ந்த அழுத்தங்களில் வளிமங்கள் இலட்சிய நிலையிலிருந்து விலகுகின்றன. அந்நிலைக்கு ஏற்றவாறு அழுத்தத்துக்கு மாற்றாகப் பியூகாசிட்டி என்ற அளவை கில்பர்ட் லூயிஸ் 1901-இல் அறிமுகப்படுத்தினார்.

ஆய்வகத்தில் திருத்தம்

கரைசலின் வழியே குமிழியிடும் ஐதரசனோடு நீராவியும் கலந்திருக்கும். 25 பாகையில் நீராவியின் அழுத்தம் 3.17 கிலோபாசுக்கல். இதைக் கழிக்காவிட்டால் ஏறத்தாழ 0.4 மில்லிவோல்ட்டு பிழை நேரும். இடத்தின் உயரமும் முக்கியம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகமண்டலத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் உள்ளதன் முக்கால் பங்கைவிடச் சற்றே அதிகம். அங்கு திருத்தம் செய்யாமல் அளந்தால் பிழை 3 மில்லிவோல்ட்டைத் தாண்டும். பி.எச். கணக்கில் இது ஏறத்தாழ 0.05 அலகு.

தமிழ்நாட்டில் மின்வேதியியல்

இத்துறைக்கென இந்தியாவில் ஒரு தேசிய ஆய்வு நிறுவனம் காரைக்குடியில் எழுந்தது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 சூலை 25 அன்று சவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று, அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்து வைத்தார். அவர் பிறந்த ஊர் திருத்தணி. பள்ளிப்பட்டை ஒட்டிய அந்த எல்லைப் பகுதி அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960-இல் தமிழ்நாட்டுடன் இணைந்தது.

அதே 1953-இல் பன்னாட்டு வேதியியலாளர்கள் சுடாக்கோமில் கூடி, மின்முனை மின்னழுத்தங்களின் குறியீட்டு முறையை வகுத்தனர். அதுவரை ஒரே மின்முனைக்குச் சில நூல்கள் நேர்க்குறியும் வேறு சில எதிர்க்குறியும் இட்டு வந்தன.

சுழி நகர்ந்தது

1982-இல் பன்னாட்டுத் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம், நியம அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து (101.325 கிலோபாசுக்கல்) 1 பாராக (100 கிலோபாசுக்கல்) மாற்றப் பரிந்துரைத்தது. இதனால் ஐதரசன் மின்முனை 0.169 மில்லிவோல்ட்டு நேர்த்திசையில் நகர்ந்தது. வரையறைப்படி அதன் மதிப்பு சுழியாகவே நீடிப்பதால், அதனோடு ஒப்பிடப்படும் செம்பு, துத்தநாகம் போன்ற உலோக மின்முனைகளின் மதிப்புகள் அதே அளவு குறைந்தன. குளோரின் மின்முனையில் இரு பக்கமும் வளிமம் இருப்பதால் குறைவு இரு மடங்கு, அதாவது 0.338 மில்லிவோல்ட்டு.

செம்பின் மதிப்பை 0.34 வோல்ட்டு என இரண்டு தசம இடங்களில் எழுதும் பள்ளிப் பாடநூல்களில் இம்மாற்றம் தெரியாது. நுண்ணிய அளவீடுகளில் தெரியும். எனவே பழைய அட்டவணை ஒன்றையும் புதிய அட்டவணை ஒன்றையும் கலந்து கணக்கிடுவோர், முதலில் அவை எந்த நியம அழுத்தத்தில் தரப்பட்டுள்ளன என்று பார்ப்பது அவசியம்.