சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டில்

1965இல் சீபா, ஷெல் ஆகிய நிறுவனங்கள் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. தண்ணீரில் எளிதாகக் கரையும். இலையில் பட்டால் செடிக்குள் ஊடுருவிச் சாறு முழுக்கப் பரவும். அசுவினியும் காய்ப்புழுவும் தப்பாது. விலையும் மலிவு. பருத்திக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

பூச்சியைக் கொல்லும் விதமே மனிதருக்கும் ஆபத்தானது. நரம்பு தசைக்கு அனுப்பும் செய்தியை முடித்துவைக்க ஒரு நொதி இருக்கிறது. பூச்சிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. இந்த நஞ்சு அதை முடக்கிவிடும். கண்பாவை சுருங்கும், எச்சில் வழியும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். வாய்வழி மட்டுமல்ல, தோல்வழியாகவும் உடம்பில் ஏறும்.

அமெரிக்கா 1988இல் இதன் பதிவை நீக்கியது. ஆனால் அங்கே கூடு கட்டி வாழ்ந்த ஸ்வைன்சன் பருந்துகளை அது வேறொரு நாட்டில் பிடித்தது. குளிருக்கு அர்ஜென்டினாவின் பாம்பாஸ் சமவெளிக்குப் போகும் அப்பறவைகளுக்கு அங்கே வெட்டுக்கிளிதான் இரை. 1995-96இல் வெட்டுக்கிளிக்கு அடித்த மோனோகுரோட்டோபாஸால் ஆயிரக்கணக்கான பருந்துகள் செத்து விழுந்தன. பிறகு அர்ஜென்டினாவும் தடை விதித்தது.

இலங்கை 1995இலேயே இதன் இறக்குமதிக்கு வாசலை அடைத்தது. அந்த இடத்தை எண்டோசல்ஃபான் என்ற இன்னொரு பூச்சிக்கொல்லி பிடிக்கப் பார்த்தது. 1998இல் அதற்கும் தடை வந்தது. தற்கொலைக்குக் குடிக்கப்பட்ட இந்த நஞ்சுகள் கிடைக்காமல் போக, அடுத்த பத்தாண்டுக்குள் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியானது. விளைச்சல் விழுந்துவிடவில்லை.

இந்தியாவில் கதை வேறு. நம் பூச்சிக்கொல்லிச் சட்டமே ஒரு துயரத்தின் தொடர்ச்சி. 1958இல் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கலந்த கோதுமை மாவு கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 1968இல் சட்டம் வந்தது. அதன்படி பாட்டிலில் நஞ்சின் அளவைக் காட்டும் முக்கோணம் இருக்க வேண்டும். மோனோகுரோட்டோபாஸுக்குக் கிடைத்தது சிவப்பு, கடும் நஞ்சு என்று பொருள். 2005இல் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று உத்தரவும் வந்தது. ஆனால் பருத்திக்கென்று கடையில் வாங்கிய பாட்டில் எந்த வயலில் திறக்கப்படுகிறது என்று யார் பார்ப்பது?

2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததைத் தடயவியல் ஆய்வு காட்டியது. 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில், ஆள் உயரப் பருத்திக்குள் நின்று மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விசாரணைக் குழு மோனோகுரோட்டோபாஸைத் தடைசெய்யச் சொன்னது.

தமிழ்நாடு 2023 தொடக்கத்தில் இது உட்பட ஆறு பூச்சிக்கொல்லிகளுக்கு 60 நாள் தடை விதித்தது. சட்டம் மாநிலத்துக்குத் தரும் அதிகாரமே அவ்வளவுதான். நீட்டித்தாலும் மேலும் 30 நாள். நிரந்தரமாக நிறுத்த மத்திய அரசால்தான் முடியும். அதே ஆண்டு மத்திய அரசு, இருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்து, மோனோகுரோட்டோபாஸின் 36 சதவீதக் கரைசலை விலக்க ஆணையிட்டது. சந்தைக்கு வந்து 58 ஆண்டுக்குப் பிறகு.

முகக்கவசம், கையுறை, காற்றுத் திசை பார்த்து அடிப்பது எல்லாம் அவசியம். ஆனால் சித்திரை வெயிலில் ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு கூலிக்கு மருந்தடிப்பவரை நம்பி ஒரு நாட்டின் பாதுகாப்பை வைக்க முடியாது. கடும் நஞ்சைக் கடைக்கே வரவிடாமல் தடுப்பதுதான் முதல் காப்பு, உடுப்பு அதற்கடுத்தது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். சிவப்பு முக்கோணம் போட்ட பாட்டிலைக் கடைக்காரர் நீட்டினால் வேறு கேளுங்கள். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவில் ஓட்டை போட்டுவிடுங்கள். அது எந்தக் காரணத்துக்காகவும் அடுப்படிக்குப் போகக் கூடாது.