ரெண்டடி தண்டவாளமும் எங்க தாத்தாவோட மாட்டு வண்டியும்

போன வாரம் மதுரை கே.கே. நகர்ல இருக்கிற மக வீட்டுக்குப் போயிருந்தேன். மாட்டுத்தாவணி சந்தையில ஒரு வேலை. முடிச்சிட்டு அப்படியே பேரனைப் பார்த்துட்டு வரலாம்னு போனேன். அவன் பள்ளிக்கூடத்துல ஊட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. வந்ததுல இருந்து ரயில் பேச்சுத்தான்.

"தாத்தா, அந்தத் தண்டவாளம் ஏன் இவ்வளவு ஒல்லியா இருக்கு? நம்ம மதுரை ரயில் அதுல போகாதா?"

"போகாதுப்பா, தடம் வேற"ன்னு சொன்னேன். "ஏன் வேற?"ன்னு கேட்டான். சும்மா சொல்லி மழுப்ப மனசு வரல. ஏன்னா அந்த ஒல்லித் தண்டவாளத்துக்கும் எங்க குடும்பத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவா இங்க எழுதுறேன்.

முதல்ல அளவு. இப்ப மதுரைக்கு வர்ற ரயிலெல்லாம் அகலப்பாதை. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 5 அடி 6 அங்குலம். எங்க காலத்துல மதுரையில ஓடினது மீட்டர் கேஜ், பேருக்கேத்த மாதிரி ஒரு மீட்டர். ஊட்டி ரயிலும் மீட்டர் கேஜ்தான். நிறையப் பேர் அதை நேரோகேஜ்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. உண்மையான நேரோகேஜ் அதைவிடச் சின்னது. ரெண்டரை அடி ஒண்ணு, ரெண்டு அடி ஒண்ணு. ரெண்டு அடின்னா நம்ம மாட்டு வண்டியோட சக்கர அகலத்துல பாதிகூட வராது.

ஏன் இப்படிச் சின்னதாப் போட்டாங்க? காசுதான் காரணம். தடம் குறுகலா இருந்தா மலையில சட்டுனு வளையலாம். வெட்டுற பாறை குறையும், கொட்டுற மண்ணு குறையும், பாலம் சின்னதாப் போதும், எஞ்சினும் சின்னதாப் போதும். வேல்ஸ் தேசத்துல ஃபெஸ்டினியாக்னு ஒரு இடம். மலையில வெட்டுற ஸ்லேட்டுக் கல்லை இறக்குறதுக்கு ஏறக்குறைய ரெண்டடித் தடம் போட்டு, முதல்ல குதிரையை வச்சு இழுத்தாங்க. 1863ல அதுல நீராவி எஞ்சினை ஓட்டிக் காட்டினாங்க. அவ்வளவு சின்ன தடத்துல எஞ்சின் ஓடாதுன்னு சொன்னவங்க வாயடைச்சுப் போனாங்க. அதுக்கப்புறம் உலகம் பூரா மலைத் தோட்டக்காரங்களும் சுரங்கக்காரங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம நாட்டுல 1881ல டார்ஜிலிங் ரயில் வந்தது, அதுவும் ரெண்டடிதான். மராட்டியத்துல பார்சி ரயில் 1897ல வந்தது, அது ரெண்டரை அடி.

எஞ்சின் வேலை செய்யிற விதம் ஒண்ணும் பெரிய மாயமில்ல. சோத்துப்பானை கொதிக்கிறப்ப மூடியைத் தூக்குது பாருங்க, அந்த ஆவிதான். கொதிகலனுக்குள்ள வரிசையாக் குழாய் போகும். கரி எரியிற சூடு அந்தக் குழாய் வழியாப் போயி சுத்தி இருக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கும். அடைபட்ட ஆவி உருளைக்குள்ள இருக்கிற தண்டை முன்னும் பின்னும் தள்ளும், தண்டு சக்கரத்தைச் சுத்தும். கரி எஞ்சினுக்குக் கரியைவிடத் தண்ணிதான் பெரிய பாடு. வழியில அங்கங்க நிறுத்தித் தண்ணி பிடிக்கணும், இல்லாட்டி வண்டி நகராது. நம்ம உழவு மாடும் அப்படித்தானே!

சரி, நம்ம பக்கத்துக்கு வருவோம். தேனி, போடிக்கு மேல மேக்கு மலையைப் பார்த்திருப்பீங்க. அந்த மலைக்கு மேல, மூணாறுல, ரெண்டடித் தண்டவாளத்துல நீராவி ரயில் ஓடியிருக்கு. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்னு அதுக்குப் பேரு. இன்னைக்கு மூணாறுக்குச் சுத்திப்பார்க்கப் போறவங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியாது.

மூணாறுல தேயிலை போட்ட வெள்ளைக்காரங்களுக்குப் பெரிய தலைவலி, சரக்கை எப்படி இறக்குறதுங்கிறதுதான். 1902ல ஒத்தைத் தண்டவாளத்துல வண்டி விட்டாங்க. பாரத்துல பெரும்பகுதி அந்த ஒத்தைத் தண்டவாளத்து மேல உருளுற சக்கரத்துல நிக்கும். வண்டி சாயாம இருக்கப் பக்கவாட்டுல ஒரு சக்கரம் தரையில ஓடும். இழுக்குறது மாடு. இதே மாதிரி ஒண்ணு பஞ்சாப்ல பாட்டியாலாவுலயும் ஓடுச்சு, அதை டெல்லி ரயில் அருங்காட்சியகத்துல இன்னும் வச்சிருக்காங்க. மூணாறுல 1908ல ஒத்தைத் தண்டவாளத்தை எடுத்துட்டு, ரெண்டடிப் பாதை போட்டு நீராவி எஞ்சினை விட்டாங்க. மூணாறுல கிளம்பி மாட்டுப்பட்டி, பாலாறு வழியா டாப் ஸ்டேஷன் வரைக்கும். "டாப் ஸ்டேஷன்"ங்கிற பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு இப்ப புரியுதா? அது ஏறக்குறைய 1,700 மீட்டர் உசரம்.

அங்க இருந்து ரயில் இறங்க முடியாது, செங்குத்துப் பள்ளம். அதனால ரோப்வே. தேயிலைப் பெட்டியெல்லாம் கம்பியில தொங்கிக்கிட்டு நம்ம பக்கம் கொட்டகுடிக்கு இறங்கும். அதுக்குப் பேரு பாட்டம் ஸ்டேஷன். கொட்டகுடியில இருந்து போடிக்கு 15 கிலோமீட்டர், அங்கதான் மாட்டு வண்டி.

அந்த வண்டிக்காரங்கள்ல ஒருத்தர்தான் எங்க அப்பாவைப் பெத்த தாத்தா.

அப்ப போடிக்கு ரயில் கிடையாது. மதுரைக்கு ரயில் 1875லயே வந்துருச்சு. நம்ம பக்கத்துக்காரங்களுக்குக் கிட்டத்து டேசன் அம்மையநாயக்கனூர், இப்ப கொடைக்கானல் ரோடுன்னு சொல்றோமே அதுதான். பெரியாறு அணை கட்டுனப்பவும் சாமானெல்லாம் அங்க இறங்கித்தான் வண்டி கட்டி மலைக்குப் போச்சு. தாத்தா ஒரு ஜோடி காளையை வச்சுக்கிட்டு கொட்டகுடி, போடி, தேனி, பெரியகுளம், வத்தலக்குண்டுன்னு அம்மையநாயக்கனூர் வரைக்கும் பாரம் அடிச்சிருக்கார். மேல இருந்து தேயிலை, ஏலக்காய். திரும்பி வர்றப்ப அரிசி, உப்பு. தோட்டத்துல கூலி வேலை பார்க்கிறவங்க வயித்துக்கு மேல ஏறினது நம்ம சமவெளி அரிசிதான். வண்டிக் காசுலதான் இப்ப நான் உழுதுக்கிட்டிருக்கிற மூணு ஏக்கர் செவக்காட்டை வாங்கினாராம்.

1924 ஆடியில மேக்குப் பக்கம் பேய் மழை. மலையாளக் கணக்குல அது 1099, அதனால கேரளாக்காரங்க இன்னமும் தொண்ணூத்தொம்பதாம் வருஷத்து வெள்ளம்னுதான் சொல்லுவாங்க. மூணாறு ரயில் அதோட போச்சு. தண்டவாளம், பாலம் எல்லாத்தையும் வெள்ளம் சுருட்டிட்டுப் போயிருச்சு. மறுபடி அதைப் போடவே இல்ல. 1908ல வந்த ரயில் 16 வருஷத்துல முடிஞ்சது. அந்த டேசன் கட்டடம் மூணாறுல தேயிலைக் கம்பெனி ஆபீஸா நின்னுச்சு. "கொட்டகுடியில வண்டியைப் போட்டுட்டு நாங்க அண்ணாந்து பார்த்துக்கிட்டே கெடந்தோம், மேல இருந்து ஒரு பொட்டியும் வரல"ன்னு தாத்தா சொன்னதா எங்க அப்பா சொல்லுவார்.

நாலு வருஷம் கழிச்சு, 1928 நவம்பர்ல மதுரை–போடி ரயில் வந்துருச்சு. மீட்டர் கேஜ், 90 கிலோமீட்டர். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி வழியாப் போடி. ஊரே திருவிழாவாக் கொண்டாடுனப்ப தாத்தா மட்டும் வீட்டை விட்டு வெளிய வரலியாம். அந்த மாசமே காளை ஜோடியை வித்துட்டு மண்வெட்டியைத் தூக்குனாராம். ரயில் மேல அவருக்குக் கோவம்னு சொல்ல முடியாது. ரயில் தன்னைக் கேட்டு வரலங்கிற வருத்தம்தான்.

ஆனா பாருங்க, அந்த ரயிலும் நிலைக்கல. ரெண்டாவது உலகப்போர் வந்துச்சு. போருக்கு இரும்பு வேணும். 1942ல மதுரை–போடி பாதையை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. தாத்தா நாப்பது வயசுக்கு மேல மறுபடி ஒரு ஜோடி காளை வாங்கி வண்டி கட்டினார். தண்டவாளம் இல்லாத மேட்டுல ஊர்க்காரங்க சோளத்தட்டையைக் காயப் போட்டிருக்காங்க.

இது நம்ம பக்கத்துக்கு மட்டும் நடந்ததில்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அசல் நேரோகேஜ் ரயிலே ஓடியிருக்கு, ரெண்டரை அடி. 1876–78 தாது வருஷப் பஞ்சத்துல லட்சக்கணக்கான சனம் செத்துச்சு. ஒரு ஊர்ல தானியம் இருந்தும் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோக வழி இல்லாமலும் செத்தாங்க. அதுக்கப்புறம் போட்ட பஞ்சக் கமிஷன், வானம் பார்த்த சீமைக்கெல்லாம் ரயில் போடணும்னு சொன்னது. அந்த வகையில திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை 1905ல வந்துச்சு. மொரப்பூர்–தர்மபுரி 1906ல வந்து, 1913ல ஓசூர் வரைக்கும் நீண்டுச்சு. காசு கம்மியா ஆகணும்னுதான் நேரோகேஜ். சோறு கொண்டுபோகப் போட்ட ரயில் அது. அதையும் பின்னால மூடிப் பிடுங்கிட்டாங்க. கிருஷ்ணகிரிக்காரங்க போன ரயிலை இன்னமும் கேட்டுக்கிட்டிருக்காங்க.

இதுல எனக்குப் பட்டது ஒண்ணுதான். பெரிய லைன் தண்டவாளத்துல யாரும் கை வைக்கல. சென்னை, தூத்துக்குடி லைன் பாட்டுக்கு ஓடுச்சு. சின்ன லைனுக்கு வருமானம் கம்மி, அதனால இரும்பு வேணும்னா முதல்ல அதுல கை வைப்பாங்க. ஆனா அந்த ரயில்ல கூடையோட ஏறுறவனுக்கு அது சின்ன லைன் இல்ல, அவனுக்கு இருக்கிறது அது ஒண்ணுதான். நிலத்துலயும் இப்படித்தானே பேசுறாங்க, "சின்ன விவசாயிதானே"ன்னு.

சுதந்திரம் வந்தப்புறம், 1950கள்ல போடி லைனை மறுபடி போட்டாங்க. நான் பார்த்தது அந்த ரயிலைத்தான். கரி எஞ்சின் கணவாய் ஏறுறப்ப மூச்சு வாங்குற சத்தம் எங்க காட்டுக்குக் கேக்கும். கண்ணுல கரித்தூசி விழுந்து அப்பத்தா முந்தானையை ஊதி ஒத்தடம் கொடுத்தது இன்னும் ஞாபகம் இருக்கு. பின்னால டீசல் வந்துச்சு. எங்க வீட்டம்மா அந்த ரயில்லதான் கத்திரிக்காய், அவரைக்காய்க் கூடையை ஏத்தி மதுரையில வித்துட்டு வருவா.

2010 டிசம்பர் 31ஓட மீட்டர் கேஜ் ரயில் நின்னுச்சு, அகலப்பாதை ஆக்கணும்னு. நல்ல விஷயம்தான். ஆனா தேனி வரைக்கும் ரயில் வந்தது 2022 மே மாசம், போடிக்கு வந்தது 2023 ஜூன். தேனிக்கே 11 வருஷம், போடிக்கு 12 வருஷம்! அந்த இடைவெளியில கூடைக்கு ஆட்டோ வாடகை கொடுத்துக் கட்டுபடியாகாம வீட்டம்மா காய்கறியை விட்டுட்டா. இப்ப ரயில் வந்துருச்சு, அவளுக்கு முழங்கால் வலி வந்துருச்சு.

பேரன் கடைசியா ஒண்ணு கேட்டான். "அப்ப ஊட்டி ரயிலை மட்டும் ஏன் தாத்தா பிடுங்கல?" அது பல்சக்கரம் வச்சு மலை ஏறுற ரயில், உலகம் பூரா இருந்து பார்க்க வர்றாங்க. திருச்சி பொன்மலைப் பணிமனையில அதுக்குப் புது நீராவி எஞ்சினே செஞ்சு கொடுத்திருக்காங்க. வேடிக்கை பார்க்க ஆள் இருந்தா பழைய ரயிலுக்கும் ஆயுசு உண்டு. கூடை தூக்குறவங்க ரயிலுக்கும் அதே ஆயுசு வேணும்ங்கிறதுதான் என் ஆசை.

அடுத்த லீவுல அவனைப் போடிக்கு ரயில்ல கூட்டிட்டுப் போறதா வாக்குக் கொடுத்திருக்கேன். அங்க இருந்து கொட்டகுடி. தாத்தா வண்டியைப் போட்டுட்டு அண்ணாந்து பார்த்த இடத்துல அவனையும் நிப்பாட்டி மேல பார்க்கச் சொல்லணும்.

உங்க ஊர்ப் பக்கமும் தண்டவாளம் இல்லாத ரயில் மேடு, ஆத்துக்கு நடுவுல ஒத்தையா நிக்கிற பாலத்துத் தூண் ஏதாவது இருந்தா, வீட்டுப் பெரியவங்க இருக்கிறப்பவே கேட்டு எழுதி வச்சுக்கங்க.